அடிநீரின் கணக்கு: விஸ்கான்சின் பால் பண்ணைகளும் நிலத்தடி நீர்ச் சட்டமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபகுதியில், மிசிசிப்பி ஆற்றுக்கும் மிச்சிகன் பேரேரிக்கும் இடையே அமைந்திருப்பது விஸ்கான்சின் மாநிலம். அம்மாநிலத்துச் சிற்றுந்துகளின் எண் பலகையில் 1940 முதல் 'அமெரிக்காவின் பால் நாடு' என்னும் தொடர் பொறிக்கப்பட்டு வருகிறது. பாலும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் அம்மக்களுக்குத் தொழில் மட்டுமல்ல, பெருமையும் ஆகும். ஏறத்தாழ 15,000 ஏரிகளும் எண்ணற்ற ஓடைகளும் நிறைந்த அந்நிலத்தில், நீருக்காக மக்கள் வழக்காடுவர் என்று எவரும் எளிதில் எண்ணமாட்டார். ஆயினும் நிலத்தடி நீர் யாருக்கு உரியது என்னும் கேள்வி அம்மாநில நீதிமன்றங்களில் 1903 முதல் 2021 வரை மீண்டும் மீண்டும் எழுந்தது. இக்கேள்வியின் கடைசிக் கட்டத்தில் நடுவே நின்றவை பெருங்கால்நடைப் பண்ணைகளும் அவற்றின் ஆழ்குழாய்க் கிணறுகளுமாகும்.

ஒருவர் தம் நிலத்தில் தோண்டிய கிணற்றிலிருந்து எவ்வளவு நீர் எடுக்கலாம்? அதனால் அண்டை வீட்டுக் கிணறு வற்றினால் அவர் பொறுப்பாவாரா? ஆயிரம் கிணறுகள் சேர்ந்து ஓர் ஓடையை வற்றச் செய்தால், எந்தக் கிணற்றின் மீது குற்றம் சாட்டுவது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண ஒரு மாநிலம் நூறாண்டுக்கும் மேல் எடுத்துக்கொண்ட வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

கோதுமையிலிருந்து கறவைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விஸ்கான்சின் கோதுமை நாடாக விளங்கியது. ஆண்டுதோறும் அதே பயிரை விளைவித்ததால் மண் வளம் குன்றியது. பூச்சிகளும் பயிரை அழித்தன. அந்நிலையில் கறவை மாடு வளர்ப்பே உழவர்க்கு வாழ்வளிக்கும் என்று எழுதியும் பேசியும் பரப்பியவர் வில்லியம் டெம்ப்ஸ்டர் ஹோர்டு. அவர் 1885-இல் பால் வளத்துக்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். 1889 முதல் 1891 வரை மாநில ஆளுநராகவும் இருந்தார். 1890-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸ்டீபன் பாப்காக் பாலின் கொழுப்பளவைக் கண்டறியும் எளிய சோதனையை உருவாக்கினார். பாலில் நீர் கலந்து விற்போரை அச்சோதனை காட்டிக் கொடுத்தது. நேர்மையாகப் பால் அளித்த உழவருக்கு உரிய விலை கிடைத்தது.

1950-ஆம் ஆண்டளவில் அம்மாநிலத்தில் ஏறத்தாழ 1,40,000 பால் பண்ணைகள் இருந்தன. பதினைந்து அல்லது இருபது மாடுகள், ஒரு கொட்டில், ஒரு கிணறு, சுற்றிலும் மேய்ச்சல் நிலம் என்பதே அன்றைய பண்ணையின் அமைப்பு. 2021-இல் பண்ணைகளின் எண்ணிக்கை 7,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. மாடுகளோ ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் இருந்தன. பண்ணைகள் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கியபோதும் மாடுகள் அந்த அளவுக்குக் குறையவில்லை. பாலின் அளவோ 1950-இல் இருந்ததைப் போல் இருமடங்குக்கும் மேல் பெருகியது. நாடெங்கும் பரவியிருந்த கறவைகள் குறைந்த இடங்களில் வந்து குவிந்தன என்பதே இதன் பொருள்.

1,000 கால்நடை அலகுகளுக்கு மேல் வளர்க்கும் பண்ணையைச் சட்டம் தனி வகையாகக் கொள்கிறது. ஒரு கறவை மாடு 1.4 அலகாகக் கணக்கிடப்படும். ஆகவே 700-க்குச் சற்று மேற்பட்ட கறவை மாடுகள் இருந்தாலே அது பெரும்பண்ணையாகிவிடும். இத்தகைய பண்ணைகள் இன்று அம்மாநிலத்தில் 300-க்கும் மேல் உள்ளன. சிலவற்றில் 4,000 மாடுகளும் அதற்கு மேலும் உண்டு.

பால் கறக்கும் ஒரு மாடு நாளொன்றுக்கு 115 முதல் 190 லிட்டர் வரை நீர் அருந்தும். வெயில் காலத்தில் இவ்வளவு இன்னும் கூடும். 4,000 மாடுகளுக்குக் குறைந்த அளவாகக் கணக்கிட்டாலும், குடிப்பதற்கு மட்டுமே நாள்தோறும் 4,60,000 லிட்டர் வேண்டும். கறவைக்கூடத்தைக் கழுவவும், கோடையில் மாடுகளின் மேல் தெளிக்கவும், கறந்த பாலைக் குளிர்விக்கவும் வேறு நீர் தேவை. பாலைக் குளிர்வித்த நீரையே மாடுகளுக்குக் குடிக்கக் கொடுத்துச் சிக்கனம் காக்கும் பண்ணைகளும் உண்டு. தீவனச் சோளத்துக்கும் குதிரைமசாலுக்கும் பாசனம் செய்தால் தேவை பன்மடங்காகும். சிறுபண்ணைக் காலத்தில் நாடெங்கும் சிறுகச் சிறுக எடுக்கப்பட்ட நீர், இப்போது ஓரிடத்தில் ஒரே கிணற்றின் வழியாக எடுக்கப்படலாயிற்று.

நிலத்துக்குரியவனே நீருக்குரியவன்

நிலத்தடி நீரைப் பற்றிய பழைய சட்டக் கருத்து இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே 1843-இல் ஒரு வழக்கு நடந்தது. நிலக்கரிச் சுரங்கம் ஒன்றினால் அண்டையிலிருந்த பருத்தி ஆலையின் கிணறு வற்றியது. சுரங்கத்தார் பொறுப்பாகார் என்று நீதிமன்றம் கூறியது. மண்ணுக்குக் கீழே நீர் எவ்வாறு செல்கிறது என்பதைக் கண்ணால் காண இயலாது. காண இயலாத ஒன்றைப் பற்றி உரிமை வகுக்கவும் இயலாது என்பதே அக்கால நீதிபதிகளின் எண்ணம். ஆகவே நிலத்துக்கு உரியவன் தன் நிலத்தின் கீழிருந்து எவ்வளவு நீரை எடுத்தாலும் கேட்பாரில்லை என்றாயிற்று.

விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 1903-இல் ஹ்யூபர் எதிர் மெர்க்கல் என்னும் வழக்கில் இக்கருத்தை அதன் கடைசி எல்லை வரை கொண்டு சென்றது. ஒருவர் தம் நிலத்தில், தானே பொங்கி வழியும் ஊற்றுக் கிணறுகளை மூடாமல் விட்டுவைத்தார். அதனால் அண்டை அயலாரின் கிணறுகளில் நீர் குன்றியது. இத்தகைய வீணடிப்பைத் தடுக்க மாநிலச் சட்டமன்றம் முன்னரே ஒரு சட்டம் இயற்றியிருந்தது. நீதிமன்றமோ அச்சட்டம் சொத்துரிமைக்கு முரணானது என்று தள்ளியது. நீரை வீணாக்கினாலும், பிறருக்குத் தீங்கு செய்யும் நோக்கத்துடனேயே வெளியேற்றினாலும், நிலத்துக்குரியவர் பொறுப்பாகார் என்பதே அத்தீர்ப்பின் சாரம். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இதுவே மாநிலத்தின் சட்டமாக நிலைத்தது.

இடையில் 1945-இல் சட்டமன்றம் ஒரு சிறு வேலியை எழுப்பியது. நாளொன்றுக்கு 1,00,000 கேலன், அதாவது ஏறத்தாழ 3,78,000 லிட்டருக்கு மேல் இறைக்கும் திறனுள்ள கிணறுகளுக்கு அரசின் ஒப்புதல் வேண்டும் என்று அது விதித்தது. இவை மிகுதிறன் கிணறுகள் எனப்பட்டன. எனினும் ஒப்புதலை மறுப்பதற்கு முதன்மையாகச் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: ஊர்ப் பொதுக் குடிநீர் வழங்கலுக்கு ஊறு நேர்தல். ஓடைக்கோ ஏரிக்கோ தனி வீட்டுக் கிணற்றுக்கோ அச்சட்டத்தில் இடமில்லை.

1974-இல் பழைய தீர்ப்பு வீழ்ந்தது. மில்வாக்கி நகரப் பகுதியில் கழிவுநீர்க் குழாய் பதிப்பதற்காக நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றினர். அதனால் சுற்றுவட்டார வீடுகளின் கிணறுகள் வற்றின. நிலம் தாழ்ந்து சுவர்களும் அடித்தளங்களும் விரிசல் கண்டன. அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1903-ஆம் ஆண்டுத் தீர்ப்பை வெளிப்படையாகக் கைவிட்டது. நிலத்தடி நீரின் போக்கை இப்போது அறிவியல் அளந்து காட்டுகிறது. அறிய இயலாதது என்னும் பழைய காரணம் மறைந்தபின், அக்காரணத்தின் மேல் நின்ற விதியும் நிற்கலாகாது என்று கூறியது. பிறருக்கு நியாயமற்ற தீங்கு நேரும் வகையில் நீர்மட்டத்தைத் தாழ்த்துவோர் பொறுப்பாவர் என்னும் புது விதி பிறந்தது.

இவ்விதி பெரியதொரு முன்னேற்றமே. ஆயினும் அது தீங்கு நேர்ந்தபின் வழக்காடுவோர்க்கு மட்டுமே பயன்பட்டது. வழக்காட ஆளில்லாத ஓடைக்கு அதனால் பயன் குறைவு.

மணற்பரப்பின் ஓடை

விஸ்கான்சினின் நடுப்பகுதியில் 'மத்திய மணற்பரப்பு' எனப்படும் நிலப்பகுதி பல மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. பனியூழிக் காலத்தின் முடிவில், பனிப்பாறைகள் உருகித் தேங்கிய பேரேரியும் உருகுநீர் ஓடைகளும் விட்டுச் சென்ற மணலே அது. பல இடங்களில் மணலின் ஆழம் 100 அடிக்கும் மேல். மழைநீரும் பனிநீரும் அதில் விரைந்து இறங்கும். இறங்கிய நீர் மெல்ல நகர்ந்து ஓடைகளிலும் ஏரிகளிலும் ஊற்றாக வெளிப்படும். அங்கே ஓடையும் ஏரியும் நிலத்தடி நீரும் வெவ்வேறு நீர்கள் அல்ல. நிலத்தடி நீர்மட்டம் தரையைத் தொடும் இடமே ஓடை. அம்மட்டம் பள்ளத்தை நிரப்பும் இடமே ஏரி.

ஒரு கிணற்றில் நீர் இறைக்கும்போது அதைச் சுற்றிலும் நீர்மட்டம் கூம்பு வடிவில் தாழும். கூம்பின் விளிம்பு ஓடையை எட்டினால், ஓடைக்கு வரவேண்டிய நீர் கிணற்றை நோக்கித் திரும்பும். ஒரு கிணற்றினால் ஓடையில் குறையும் நீர் மிகச் சிறிது. அளவுகருவிக்கும் தென்படாமல் போகலாம். கூம்புகள் பல ஒன்றோடொன்று சேரும்போதோ குறைவு கூடிக்கொண்டே போகும்.

இவ்வுண்மையை மத்திய அரசின் நிலவியல் அளவாய்வுத் துறை லிட்டில் ப்ளோவர் என்னும் சிற்றாற்றின் படுகையில் ஆராய்ந்து 1965-இலேயே நூலாக வெளியிட்டது. ஏறத்தாழ ஆறு மைல் நீளமே உள்ள அச்சிற்றாறு, குளிர்ந்த தெளிநீரில் மட்டும் வாழும் டிரவுட் மீனுக்குப் பெயர் பெற்றது. பாசனக் கிணறுகள் பெருகினால் ஆற்றின் நீர் குறையும் என்பது அவ்வாய்விலிருந்தே தெளிவாயிற்று. ஆயினும் கிணறுகள் பெருகின. உருளைக்கிழங்கு, இனிப்புச் சோளம், அவரை முதலிய பயிர்களுக்குச் சுழல் பாசன எந்திரங்கள் வந்தன. பின்னர்ப் பெரும் பால் பண்ணைகளும் வந்தன. மணற்பரப்பில் மிகுதிறன் கிணறுகளின் எண்ணிக்கை 2,000-ஐக் கடந்தது. 2005-இல் லிட்டில் ப்ளோவர் ஆற்றின் சில பகுதிகள் முற்றிலும் வறண்டன, மீன்கள் மடிந்தன. அதன்பின் வந்த ஆண்டுகளிலும் அவ்வறட்சி தொடர்ந்தது. அதே காலத்தில் பிளெயின்ஃபீல்டு ஊருக்கு அருகிலுள்ள லாங் ஏரியும் வற்றிப் புல்வெளியாயிற்று.

இவ்விடத்தில் ஒன்றை நடுநிலையோடு கூறுதல் வேண்டும். மணற்பரப்பில் எடுக்கப்படும் நீரின் பெரும்பகுதி காய்கறிப் பாசனத்துக்கே செல்கிறது. கால்நடைப் பண்ணைகள் மட்டுமே குற்றவாளிகள் என்பது உண்மையன்று. ஆயினும் பாசனக் கிணறு கோடையில் சில திங்கள் மட்டும் இயங்கும். பண்ணைக் கிணறோ ஆண்டின் 365 நாளும் இயங்கும். மாடு நீருக்குக் காத்திராது. ஏற்கெனவே சுமை மிகுந்த ஓரிடத்தில் இன்னுமொரு பெரும்பண்ணைக்கு இடமளிக்கலாமா என்பதே மக்கள் எழுப்பிய கேள்வி.

ஊற்று நீரும் 2004-ஆம் ஆண்டுச் சட்டமும்

கிணற்றுச் சட்டம் திருத்தப்படுவதற்கு முதற்காரணமாக அமைந்தது பண்ணை அன்று. புட்டி நீர் ஆகும். 1999-க்குப் பின் பெரியர் என்னும் நிறுவனம் மணற்பரப்பின் ஊற்றுகளுக்கு அருகே ஆழ்குழாய்க் கிணறு அமைத்து நீரைப் புட்டிகளில் அடைத்து விற்க முனைந்தது. முதலில் மீக்கன் ஊற்றை நாடியது. அங்கே எதிர்ப்பு எழவே ஆடம்ஸ் மாவட்டத்தின் பெரிய ஊற்றுக்குச் சென்றது. மாநில இயற்கை வளத் துறை, ஊற்றுக்கு வரும் கேட்டைக் காரணம் காட்டி மறுக்கும் தெளிவான அதிகாரம் தனக்கு இல்லை என்று கருதி ஒப்புதல் அளித்தது. ஊர் மக்கள் தளராமல் எதிர்த்தனர். இறுதியில் அந்நிறுவனம் விஸ்கான்சினைவிட்டு விலகியது.

அக்கிளர்ச்சியின் விளைவாக 2004-இல் சட்டமன்றம் நிலத்தடி நீர்க் காப்புச் சட்டத்தை இயற்றியது. டிரவுட் மீன் ஓடைகளிலிருந்தும் சிறப்புத் தகுதி பெற்ற நீர்நிலைகளிலிருந்தும் 1,200 அடிக்குள் அமையும் மிகுதிறன் கிணறுகளையும், பெரிய ஊற்றுகளைப் பாதிக்கக்கூடிய கிணறுகளையும், எடுக்கும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் படுகைக்குத் திரும்பாமல் போகும் கிணறுகளையும் தனியே ஆராய வேண்டும் என்று அது விதித்தது. நிலத்தடி நீரை நீர்நிலைகளோடு இணைத்து நோக்கியதனால் இச்சட்டம் பாராட்டுக்குரியது. ஆனால் 1,200 அடிக் கோட்டை நீர் அறியாது. 1,300 அடியில் தோண்டிய கிணறும் ஓடையின் நீரையே ஈர்க்கும். அத்தகைய கிணற்றை அரசு ஆராயலாமா, கூடாதா என்பது விடையின்றி நின்றது.

அரசு அறங்காவலன்

இதற்கு விடை கண்டது பியூலா ஏரி வழக்கு. ஏறத்தாழ 800 ஏக்கர் பரப்புள்ள அவ்வேரிக்கு அருகே, 1,200 அடிக் கோட்டுக்கு வெளியே, கிழக்கு டிராய் என்னும் சிற்றூர் தன் குடிநீருக்காக நாளொன்றுக்கு 14 இலட்சம் கேலன் இறைக்கும் திறனுள்ள கிணற்றை அமைக்க முற்பட்டது. ஏரிக்கரை மக்கள் வழக்குத் தொடுத்தனர். 2011 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எந்த மிகுதிறன் கிணறாயினும், அது நீர்நிலைகளுக்குத் தீங்கு செய்யுமோ என்று எண்ணுவதற்குத் தகுந்த சான்று முன்வைக்கப்பட்டால், அதை ஆராயும் அதிகாரமும் கடமையும் இயற்கை வளத் துறைக்கு உண்டு என்று அது கூறியது. அக்கிணற்றைப் பொறுத்தவரை உரிய சான்று உரிய காலத்தில் துறையின் முன் வைக்கப்படவில்லை என்பதால் ஒப்புதல் நிலைத்தது. கிணற்றுக்கு எதிராகத் தோற்ற மக்கள், கோட்பாட்டில் வென்றனர்.

இத்தீர்ப்புக்கு அடிப்படையாக நின்றது பொதுப் பொறுப்பாண்மைக் கோட்பாடு. கலம் செல்லத்தக்க நீர்நிலைகள் அனைத்தும் என்றும் பொதுவழிகளாகவும் கட்டணமற்றவையாகவும் இருக்க வேண்டும் என்று 1787-ஆம் ஆண்டின் வடமேற்கு நிலப்பகுதி ஆணையும், 1848-இல் இயற்றப்பட்ட மாநில அரசியலமைப்பும் வகுத்துள்ளன. அந்நீர்நிலைகளுக்கு அரசு உடைமையாளன் அன்று. மக்களுக்காக அவற்றைப் பேணும் அறங்காவலன். கோவில் நிலத்தை அறங்காவலர் தம் விருப்பப்படி விற்றுவிட இயலாதவாறு, ஏரியின் நீரை அரசும் தன் விருப்பப்படி விட்டுக்கொடுத்தல் இயலாது. ஏரியை ஊட்டுவது நிலத்தடி நீராயின், அறங்காவலனின் கடமை நிலத்துக்குக் கீழும் நீளும் அன்றோ? இதுவே நீதிமன்றத்தின் தருக்கம்.

அதே 2011-இல், இத்தீர்ப்புக்குச் சில வாரங்களுக்கு முன்னரே, சட்டமன்றம் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. சட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லப்படாத எந்த நிபந்தனையையும் அரசுத் துறைகள் விதித்தலாகாது என்பது அதன் கருத்து. அடுத்த பத்தாண்டுப் போராட்டம் இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்தது.

ரிச்ஃபீல்டு பண்ணை வழக்கு

2011-இல் ஆடம்ஸ் மாவட்டத்தின் ரிச்ஃபீல்டு ஊரில் 4,000-க்கும் மேற்பட்ட மாடுகளைக் கொண்ட பால் பண்ணை ஒன்றைத் தொடங்க மில்க் சோர்ஸ் என்னும் நிறுவனம் ஒப்புதல் பெற்றது. அதற்கு இரண்டு மிகுதிறன் கிணறுகள் வேண்டியிருந்தன. ஆண்டுக்கு 7 கோடியே 25 இலட்சம் கேலன், அதாவது ஏறத்தாழ 27 கோடி லிட்டர் வரை இறைக்கத் துறை இசைவளித்தது. அருகிலுள்ள பிளசன்ட் ஏரியின் காப்பு மாவட்டத்தாரும், மணற்பரப்பின் நண்பர்கள் என்னும் மக்கள் அமைப்பும், சிறுபண்ணை உழவரும் எதிர்த்தனர்.

இவ்வழக்கின் நடுக்கேள்வி இது: புதுக் கிணற்றின் விளைவை அளக்கும்போது அதை மட்டும் தனியே அளப்பதா, சுற்றிலும் ஏற்கெனவே இயங்கும் கிணறுகளின் விளைவோடு கூட்டி அளப்பதா? துறை தனியே அளந்தது. தனியே அளந்தால் ஓடையில் குறையும் நீர் சிறிதாகவே தெரியும். நிறைந்த வண்டியின் மேல் ஏற்றும் கடைசி மூட்டையைத் தனியே நிறுத்துப் பார்த்து, 'இது இலேசானதுதானே' என்று கூறுவதற்கு இது ஒப்பாகும். அச்சு முறிவது கடைசி மூட்டையின் எடையால் மட்டுமன்று. வண்டியிலுள்ள அனைத்தின் எடையாலும் ஆகும்.

2014 செப்டம்பரில் நிர்வாக நடுவர் ஜெஃப்ரி போல்ட் தம் முடிவை வெளியிட்டார். கூட்டு விளைவைக் கணக்கில் கொள்ளாமல் ஒப்புதல் அளிப்பது அறிவியலுக்கும் பொருந்தாது, பியூலா ஏரித் தீர்ப்புக்கும் பொருந்தாது என்று அவர் கூறினார். பண்ணை இறைக்கும் அளவை ஆண்டுக்கு 5 கோடியே 25 இலட்சம் கேலனாக, ஏறத்தாழ 20 கோடி லிட்டராகக் குறைத்தார். பண்ணையை முற்றிலும் தடுக்கவில்லை; அதற்கு ஓர் எல்லை வகுத்தார். பின்னர் அந்நிறுவனம் அப்பண்ணைத் திட்டத்தைக் கைவிட்டது.

அதே ஆண்டு அக்டோபரில் அதே நடுவர் முன் இன்னொரு வழக்கும் முடிவுற்றது. அது மாநிலத்தின் கிழக்கிலுள்ள கெவானி மாவட்டத்தைச் சார்ந்தது. அங்கே மேல்மண் மெல்லியது. அடியில் பிளவுகள் நிறைந்த சுண்ணப்பாறை. வயலில் இட்ட சாணக் கரைசல் பிளவுகளின் வழியே விரைந்து கிணறுகளை அடையும். பல வீடுகளின் குடிநீரில் நுண்கிருமிகளும் நைட்ரேட்டும் காணப்பட்டன. அங்குள்ள கின்னார்டு பண்ணை விரிவடைய முற்பட்டபோது, மாடுகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டும், நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் கிணறுகள் அமைக்க வேண்டும் என்று நடுவர் ஆணையிட்டார். ஒரு வழக்கு நீரின் அளவைப் பற்றியது. மற்றொன்று நீரின் தூய்மையைப் பற்றியது. இரண்டிலும் வேண்டப்பட்டது ஒன்றே: வரம்பு.

பின்னடைவும் மீட்சியும்

2016 மே மாதத்தில் மாநிலத் தலைமை அரசு வழக்கறிஞர் பிராட் ஷிமல் ஒரு கருத்துரை வழங்கினார். 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கூட்டு விளைவைக் காரணமாகக் கொண்டு கிணற்றை மறுக்கவோ நிபந்தனை விதிக்கவோ இயற்கை வளத் துறைக்கு அதிகாரமில்லை என்பது அதன் முடிவு. துறை அக்கருத்துரையைப் பின்பற்றியது. இதன் விளைவு வியப்புக்குரியது. நீர்நிலைகளுக்குத் தீங்கு நேரும் என்று துறையின் அறிவியலாளரே கண்டறிந்த கிணறுகளுக்கும் துறை ஒப்புதல் அளித்தது. தீங்கை அறிந்திருந்தும், அறிந்ததைப் பயன்படுத்த இயலாத நிலை ஏற்பட்டது. 1843-இன் நீதிபதிகள் 'அறிய இயலாது' என்று கூறி ஒதுங்கினர். 2016-இன் அரசோ அறிந்த பின்னும் ஒதுங்கியது.

'தூய விஸ்கான்சின்' என்னும் பொருள்பட்ட பெயருடைய சுற்றுச்சூழல் அமைப்பும் பிளசன்ட் ஏரிக் காப்பு மாவட்டமும் இணைந்து இத்தகைய எட்டுக் கிணறுகளுக்கு அளித்த ஒப்புதலை எதிர்த்து வழக்காடின. 2020-இல் புதிய தலைமை அரசு வழக்கறிஞர் ஜாஷ் கால் முன்னைய கருத்துரையைத் திரும்பப் பெற்றார். 2021 ஜூலை 8 அன்று மாநில உச்ச நீதிமன்றம் இரு வழக்குகளிலும் 4-க்கு 2 என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. கிணறு வழக்கில், நீர்நிலைகளுக்கு நேரும் விளைவுகளை ஆராயும் துறையின் அதிகாரத்தை 2011-ஆம் ஆண்டுச் சட்டம் பறிக்கவில்லை என்றது. அதிகாரம் வெளிப்படையாக இருத்தல் வேண்டும் என்பதற்கு, ஒவ்வொரு நுணுக்கமும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது பொருளன்று. விரிந்த சொற்களாலும் அதிகாரம் வெளிப்படையாக அளிக்கப்படலாம் என்று விளக்கியது. கின்னார்டு பண்ணை வழக்கில், மாடுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கவும் கண்காணிப்புக் கிணறுகளை வேண்டவும் துறைக்கு அதிகாரம் உண்டு என்றது.

நிலத்துக்குரியவன் விரும்பிய அளவு நீரெடுக்கலாம் என்ற 1903-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கும், இறைக்கும் நீர் அனைத்தும் ஏரிக்கும் ஓடைக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்ற 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கும் இடையே 118 ஆண்டுகள் கடந்திருந்தன.

எஞ்சிய பணி

இத்தீர்ப்புகளோடு வரலாறு முற்றுப் பெற்றுவிடவில்லை. 2017-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மிகுதிறன் கிணற்றைப் பழுது பார்க்கவும், புதுப்பிக்கவும், நிலத்தோடு பிறருக்கு மாற்றவும் மீண்டும் ஒப்புதல் வேண்டியதில்லை. ஒருமுறை பெற்ற உரிமை ஏறத்தாழ நிலைத்த உரிமையாகிவிடுகிறது. புதிதாக வருவோர்க்கே கணக்கு. முன்னரே வந்தோர்க்குக் கணக்கில்லை. சுமை நிறைந்த வண்டியில் கடைசி மூட்டையைத் தடுக்கலாம். முன்னரே ஏற்றியவற்றுள் ஒன்றையும் இறக்க வழியில்லை.

அச்சட்டமே மணற்பரப்பின் மூன்று ஏரிகளை ஆராயவும் பணித்தது. 2021-இல் வெளிவந்த அவ்வாய்வு, லாங் ஏரியும் பிளெயின்ஃபீல்டு ஏரியும் நிலத்தடி நீர் இறைப்பினால் பெரிதும் தாழ்ந்தன என்று கண்டது. பிளசன்ட் ஏரியில் அத்தகைய பெருங்குறைவு இல்லை என்றும் அதே ஆய்வு நேர்மையாகக் கூறியது. முன்னின்று வழக்காடியது எந்த ஏரியின் மக்களோ, அந்த ஏரி பெரிய கேட்டுக்கு உள்ளாகவில்லை. வற்றியவை வேறு ஏரிகள். ஆகவே கண்ணெதிரே தோன்றும் அச்சத்தைக் கொண்டோ, ஒரு பண்ணையின் மீதுள்ள சினத்தைக் கொண்டோ நீரின் நிலையை முடிவு செய்தல் இயலாது. ஒவ்வோர் ஏரிக்கும் அளவும் ஆய்வும் தேவை. தனித்தனிக் கிணற்றை நோக்காமல், ஒரு படுகை முழுவதையும் ஒன்றாக நோக்கி நீரைப் பங்கிடும் அமைப்பு வேண்டும் என்பதே ஆய்வாளரின் பரிந்துரை.

லிட்டில் ப்ளோவர் ஆற்றங்கரையில் வேறொரு வழியும் முயலப்பட்டு வருகிறது. ஊராட்சியினரும் உருளைக்கிழங்கு உழவர் அமைப்பும் அறிவியலாளரும் ஒன்றுகூடி, ஆற்றுக்கு அண்மையிலுள்ள கிணறுகளின் இறைப்பைக் குறைத்தும், கரையோர நிலங்களை ஈரநிலமாக மீட்டும் ஆற்றின் நீரைப் பெருக்க முனைந்துள்ளனர். சட்டம் தடுப்பதை மட்டும் செய்யும். மீட்பதற்கு மக்களின் ஒற்றுமை வேண்டும் என்பதற்கு இது சான்று.

பால் அருந்தும் எவருக்கும் இவ்வரலாறு அயலானதன்று. பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு நீரே. அதை ஈயும் பசு அருந்திய நீரும், அப்பசு உண்ட தீவனம் அருந்திய நீரும் எங்கோ ஒரு நிலத்தின் அடியிலிருந்து வந்தவை. மிகுபொருள் விரும்பாமையை அணுவிரதங்களுள் ஒன்றாகக் கொண்ட இல்லறத்தார்க்கு, அளவு என்னும் சொல்லின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. விஸ்கான்சின் மக்கள் அதைச் சட்டத்தின் மொழியில் கற்க நூறாண்டுக்கும் மேல் ஆயிற்று. ஒரு கிணற்றைத் தனியே நோக்கினால் அது குற்றமற்றதாகவே தோன்றும். அனைத்துக் கிணறுகளையும் கூட்டி நோக்கும்போதுதான் ஓடை ஏன் வற்றியது என்பது விளங்கும். அக்கூட்டுக் கணக்கை ஓடை வற்றுவதற்கு முன்னரே போட்டுப் பார்ப்பதே அறிவுடைமை.